பூச்சி மருந்துக்கும் அடங்காத புழுக்கள்!

"நாய்க்குப் பூச்சி மருந்து கொடுத்தாயிற்றா?"

நாய் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. நாய் மெலிந்து போனால், சாப்பாட்டைத் தொடாமல் படுத்துக் கிடந்தால், குட்டியின் வயிறு பானைபோல் உப்பினால், உடனே கடைக்குப் போய் ஒரு மாத்திரை வாங்கி, மீன் துண்டுக்குள் வைத்துக் கொடுத்துவிடுவது வழக்கம். 'கொடுத்தாயிற்று' என்றதும் மனதில் ஒரு நிம்மதி.

ஆனால், மருந்து கொடுத்தது ஒன்று. புழு போனது வேறொன்று. இரண்டும் ஒன்றல்ல என்பதைத்தான் இப்போது உலகின் பல பகுதிகளிலும் உள்ள கால்நடை மருத்துவர்கள் எச்சரித்து வருகிறார்கள். நாய்களின் குடலில் வாழும் சில புழுக்கள், பல்லாண்டு காலமாக நன்றாக வேலை செய்துவந்த மருந்துகளுக்கு அடங்க மறுக்கின்றன. மருந்தை விழுங்கிய மறுவாரமும் அவை குடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கின்றன, முட்டையிடுகின்றன.

ஜொகூர் போன்ற வெப்பமும் மழையும் கலந்த மாநிலத்தில் நாய் வளர்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். நாய் வளர்க்காதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஏன் என்பதைப் பார்ப்போம்.

இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு

நாயின் குடலில் பலவகைப் புழுக்கள் குடியிருக்கும். உருண்டைப்புழு, சாட்டைப்புழு, நாடாப்புழு, கொக்கிப்புழு ஆகிய நான்கும் முக்கியமானவை. இந்த நான்கில் மருந்து எதிர்ப்புப் பிரச்சினையில் முன்னிற்பது கொக்கிப்புழு.

இது ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளமே உள்ள மெல்லிய புழு. வாயில் கொக்கிபோன்ற பற்கள். அவற்றால் சிறுகுடலின் உட்சுவரைக் கடித்துப் பிடித்துக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். ஓரிடத்தில் உறிஞ்சி முடித்தால் இன்னோர் இடத்துக்கு நகரும். விட்டுச்சென்ற காயத்திலிருந்தும் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும்.

நாய்க் கொக்கிப்புழு ஒன்றால் ஒரு நாளைக்குச் சுமார் 0.1 மில்லிலிட்டர் இரத்தம் வீணாகிறது. 'இவ்வளவுதானா?' என்று எண்ணிவிட வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குட்டியின் வயிற்றில் 100 புழுக்கள் இருந்தால் நாளொன்றுக்கு 10 மில்லிலிட்டர். ஒரு கிலோ எடையுள்ள குட்டியின் உடம்பில் மொத்தமே 80, 90 மில்லிலிட்டர் இரத்தம்தான் இருக்கும். அப்படியென்றால் அது எத்தனை நாள் தாங்கும்?

பிறந்து இரண்டு, மூன்று வாரங்களில் ஈறு வெளுத்து, மலம் தார்போல் கறுத்து, குட்டிகள் ஒவ்வொன்றாகச் சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இத்தனை சின்னக் குட்டிக்குப் புழு எங்கிருந்து வந்தது? தாயின் பாலிலிருந்து! தாய் நாயின் தசைகளுக்குள் இளம்புழுக்கள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். அது குட்டி ஈனும் காலத்தில் விழித்து, பாலின் வழியே குட்டிகளின் வயிற்றுக்குள் போய்ச் சேரும். தாய்க்குச் சாதாரணமாகக் கொடுக்கும் பூச்சி மருந்து குடலில் உள்ள புழுவைக் கொல்லுமே தவிர, தசையில் உறங்கும் இளம்புழுவை அவ்வளவாகத் தொடாது.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது?

ஒரு பெண் கொக்கிப்புழு ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். அவை நாயின் மலத்தோடு மண்ணில் விழுகின்றன. மண் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தால் ஓரிரு நாட்களில் பொரிந்துவிடும். சுமார் ஒரு வாரத்தில், அடுத்த நாயைப் பற்றிக்கொள்ளும் தகுதியுள்ள இளம்புழு தயார். நாய் மண்ணை நக்கும்போது வாய் வழியாகவும், படுத்திருக்கும்போது தோல் வழியாகவும் அது உள்ளே நுழையும்.

குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்து இந்த இளம்புழுக்களில் பெரும்பகுதியை அழித்துவிடும். ஜொகூரில் அந்தச் சலுகை கிடையாது. ஆண்டு முழுவதும் வெப்பம். எல்லா மாதங்களிலும் மழை. செம்பனைத் தோட்டத்து நிழல் மண், வீட்டின் பின்புறம் வெயில் படாத மூலை, தாமான் விளையாட்டுத் திடலின் மணல், கடைவரிசைகளின் பின்சந்து என எல்லாமே இந்தப் புழுவுக்கு ஏற்ற இடங்கள். நேரடி வெயிலும் வறட்சியும்தான் அதற்கு எதிரிகள்.

ஆகவே, நாயின் வயிற்றுக்குள் இருக்கும் புழு பிரச்சினையின் ஒரு பாதி. மண்ணில் காத்திருக்கும் புழு மறு பாதி. மாத்திரை முதல் பாதியை மட்டுமே பார்த்துக்கொள்ளும்.

மருந்து ஏன் தோற்கிறது?

நாய்களுக்குக் கொடுக்கப்படும் கொக்கிப்புழு மருந்துகள் பல பெயர்களில் கடைகளில் கிடைக்கின்றன. பெட்டியின் நிறமும் பெயரும் மாறினாலும், உள்ளே இருப்பவை பெரும்பாலும் மூன்று குடும்பங்களைச் சேர்ந்தவையே.

முதலாவது, பைரண்டெல். இது புழுவின் தசைகளை இறுக வைத்து முடக்கிவிடும். பிடி நழுவிய புழு மலத்தோடு வெளியே வந்துவிடும்.

இரண்டாவது, ஃபென்பெண்டசோல், ஃபெபண்டெல் போன்றவை. மனிதர்களுக்குக் கொடுக்கப்படும் அல்பெண்டசோல், மெபெண்டசோல் மாத்திரைகளும் இதே குடும்பம்தான். புழுவின் உயிரணுக்களுக்குள் நுண்ணிய குழாய்கள் உண்டு. அவற்றைக் கட்டுவதற்கான செங்கல் போன்றது பீட்டா டியூபுலின் என்ற புரதம். மருந்து அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு குழாய் உருவாகாமல் தடுக்கும். புழு சத்தை எடுத்துக்கொள்ள முடியாமல் செத்துவிடும்.

மூன்றாவது, ஐவர்மெக்டின், மில்பிமைசின், மோக்சிடெக்டின் குடும்பம். இவை புழுவின் நரம்பையும் தசையையும் தளரச் செய்து செயலிழக்க வைப்பவை. இதயப்புழு வராமல் தடுக்க மாதந்தோறும் கொடுக்கப்படும் மருந்துகள் இந்த வகையைச் சேர்ந்தவை. ஜப்பானிய மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்தது ஐவர்மெக்டின். அதைக் கண்டறிந்த சத்தோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இப்படிப்பட்ட மருந்துகளை ஒரு சிறு புழு எப்படி வெல்கிறது?

புழு எதையும் 'கற்றுக்கொள்வதில்லை'. பெருந்தொகையான புழுக்களில் ஏதோ ஒரு சிலவற்றின் மரபணுவில் இயல்பாகவே ஒரு சிறு மாற்றம் இருக்கும். பீட்டா டியூபுலின் புரதத்தின் 167ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியதுபோன்ற மாற்றம், அவ்வளவுதான். பூட்டின் உள்வடிவம் சற்றே மாறிவிட்டால் பழைய சாவி நுழையாதல்லவா? அதுபோல் மருந்து ஒட்டாமல் போய்விடுகிறது.

விளக்கத்துக்காக ஒரு கணக்கு. நாயின் வயிற்றில் 200 புழுக்கள். மருந்து கொடுத்ததும் 195 செத்துவிடுகின்றன, 5 தப்பிக்கின்றன. நாய் குணமானதுபோல் தெரியும். ஆனால், இனி மண்ணில் விழும் முட்டைகள் எல்லாம் அந்த ஐந்தின் வாரிசுகள். அதே மருந்தை மீண்டும் மீண்டும் கொடுக்கும்போது, மருந்துக்கு அடங்கிய புழுக்களின் வம்சம் அழிந்து, அடங்காதவற்றின் வம்சம் தழைக்கிறது. வயலில் பயிரை அறுத்துவிட்டுக் களைக்கு நீர் பாய்ச்சியதுபோல் ஆகிவிடுகிறது.

மருந்தின் அளவு குறைந்தாலும் இதே கதைதான். எட்டுக் கிலோ இருந்தபோது கொடுத்த அளவையே இருபது கிலோ நாய்க்கும் கொடுப்பது, ஒரு மாத்திரையை இரண்டு நாய்களுக்குப் பங்கு போடுவது போன்றவை புழுவைக் கொல்வதில்லை. பாதி எதிர்ப்பு உள்ள புழுவும் பிழைத்துக்கொள்ள வழி செய்கின்றன.

பந்தய நாய்கள் தந்த எச்சரிக்கை

நாய்க் கொக்கிப்புழு மருந்துக்கு அடங்காத சம்பவம் 1987-லேயே பதிவாகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து நியூசிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட கிரேஹவுண்டு நாய்களில் பைரண்டெல் சரியாகப் பலிக்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 2007-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்திலும் பைரண்டெலுக்கு வலுவான எதிர்ப்பு இருப்பதாக ஆய்வு வெளிவந்தது.

உலகின் கவனத்தைத் திருப்பியது அமெரிக்கா. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ரே கேப்லனின் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே புழு மேலே சொன்ன மூன்று குடும்ப மருந்துகளுக்கும் அடங்காமல் இருப்பது தெரியவந்தது. புழுவின் பூர்வீகத்தைத் தேடிப் போனபோது, அது கிரேஹவுண்டு பந்தய நாய்ப் பண்ணைகளில் போய் நின்றது.

பண்ணைகளில் என்ன நடந்தது? நூற்றுக்கணக்கான நாய்கள் ஒரே இடத்தில். ஓடிப் பழக மணல் தரை. மணலோ இளம்புழுவுக்கு மெத்தை. நாய்களுக்கு மீண்டும் மீண்டும் புழுத்தொற்று வந்ததால் மீண்டும் மீண்டும் மருந்து கொடுத்தார்கள். அதுவும் எல்லா நாய்களுக்கும் சேர்த்து. மருந்தைச் சந்திக்காத புழு என்று ஒன்றுகூட மிஞ்சாததால், மண்ணில் சேர்ந்தவை எல்லாம் எதிர்ப்புள்ள முட்டைகளே.

பிறகு பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற நாய்களை நல்ல மனம் படைத்தவர்கள் வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். புழுவும் கூடவே போனது. புளோரிடா மாநிலத்தில் 2018-இல் மக்கள் வாக்களித்து, 2020-ஆம் ஆண்டு முடிவோடு நாய்ப் பந்தயம் நின்றுவிட்டது. ஆனால் புழு நிற்கவில்லை. 2023-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, கிரேஹவுண்டு அல்லாத சாதாரண வீட்டு நாய்களிலும் அந்த 167ஆம் இடத்து மாற்றம் அமெரிக்கா முழுவதும் பரவியிருப்பதைக் காட்டியது. 134ஆம் இடத்திலும் புதிதாக ஒரு மாற்றம் அதே ஆய்வில் கண்டுபிடிக்கப்பட்டது.

இது தொலைதூரத்துக் கதை என்று ஒதுக்கிவிட முடியுமா? பந்தயப் பண்ணையில் இருந்த நிலைமைகளை எண்ணிப் பாருங்கள். நெருக்கம், ஈரமண், அடிக்கடி ஒரே மருந்து. நாய்க் காப்பகங்களிலும், குட்டிகளை விற்பதற்காக நாய் வளர்க்கும் இடங்களிலும் இந்த மூன்றும் எளிதாக ஒன்று சேர்ந்துவிடும்.

நம் நாட்டு ஆடுகள் சொன்ன பாடம்

மலேசியா இந்தப் பாடத்தை ஏற்கெனவே ஒருமுறை படித்திருக்கிறது. படித்துக் கொடுத்தவை ஆடுகள்.

ஆட்டின் வயிற்றிலும் இரத்தம் குடிக்கும் ஒரு புழு உண்டு. ஈமோங்கஸ் என்று பெயர். செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் சோகை பிடிக்க வைத்துக் கொல்லும். அதைக் கட்டுப்படுத்தப் பண்ணைகளில் ஆண்டுக்குப் பலமுறை மருந்து ஊற்றினார்கள். 1990-களில் தீபகற்ப மலேசியாவின் பண்ணைகளில் ஆராய்ந்தபோது மருந்துகள் பலிக்காத நிலை தெரியவந்தது. ஈப்போவிலுள்ள கால்நடை ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சந்திரவதனியும் சக ஆய்வாளர்களும் இதுபற்றித் தொடர்ந்து எழுதினார்கள். 2004-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, சபா மாநிலத்து அரசாங்க இனப்பெருக்கப் பண்ணைகளில் மருந்துகள் அடியோடு தோற்றுப்போனதைச் சொன்னது.

அங்கே இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. பண்ணையிலிருந்து ஆடுகளை வாங்கிச் செல்பவர், ஆட்டோடு எதிர்ப்புள்ள புழுவையும் வாங்கிச் செல்கிறார். அமெரிக்காவில் தத்தெடுக்கப்பட்ட நாய்களோடு புழு பயணம் செய்ததும், ஆட்டோடு புழு பயணம் செய்வதும் ஒரே வழிதான்.

மருந்து தோற்றபின் ஆய்வாளர்கள் வேறு வழிகளைத் தேடினார்கள். மேய்ச்சல் நிலத்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது, இளம்புழுவைப் பிடித்துத் தின்னும் பூஞ்சையைத் தீவனத்தில் கலப்பது, வேப்பிலையைத் தீவனமாகக் கொடுப்பது என்று பலவும் ஆராயப்பட்டன. வேப்பிலை என்றதும் நம்மவர்களுக்கு ஆர்வம் வரும். ஆனால், ஆட்டுக்குத் தீவனமாகச் சோதித்தது நாய்க்கு மருந்தாகிவிடாது. வேப்பெண்ணெய் புகட்டுவது, விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவது ஆகியவற்றால் நாயின் குடலைக் கடித்துப் பிடித்திருக்கும் கொக்கிப்புழுவை அகற்ற முடியாது. ஏற்கெனவே இரத்தம் இழந்த குட்டிக்குப் பேதியும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

மனிதர்களுக்கு என்ன சம்பந்தம்?

கொக்கிப்புழு என்ற சொல் தோட்டப்புறத் தமிழர்களுக்குப் புதிதல்ல. ரப்பர் தோட்டங்களில் காலில் செருப்பின்றி வேலை செய்த காலத்தில், தொழிலாளர்களைச் சோகையில் தள்ளியது மனிதக் கொக்கிப்புழு. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறநிறுவனம் 1915-இல் தொடங்கி டாக்டர் சாமுவேல் டார்லிங் தலைமையில் ஒரு குழுவை மலாயாவுக்கும் ஜாவாவுக்கும் ஃபிஜித் தீவுக்கும் அனுப்பி இந்த நோயை ஆராய்ந்தது. அறிக்கை 1920-இல் வெளிவந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1974 முதல் 1983 வரை பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடு தழுவிய பூச்சி மருந்துத் திட்டமும் நடந்தது. நகரங்களில் இந்நோய் அடங்கியதற்கு மருந்து மட்டும் காரணமல்ல. கழிப்பறை வந்தது, காலுக்குச் செருப்பு வந்தது. மண்ணுக்கும் மனிதனுக்கும் இடையில் புழு போகும் வழி அடைபட்டது.

நாய்க்கும் மனிதனுக்கும் பொதுவான ஒரு கொக்கிப்புழு இருக்கிறது. 1911-இல் இலங்கையில் ஒரு புனுகுப்பூனையிடம் கண்டெடுக்கப்பட்டதால் அதன் அறிவியல் பெயரிலேயே 'சிலோன்' இருக்கிறது. நாய், பூனையிடமிருந்து வரும் கொக்கிப்புழுக்களில், மனிதக் குடலில் முழுமையாக வளர்ந்து முட்டையும் இடக்கூடியது இதுவே. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தீபகற்ப மலேசியாவின் கிராமங்களில் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், எந்த வகைக் கொக்கிப்புழு என்று மரபணு முறையில் அடையாளம் காணப்பட்ட மனிதர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவரிடம் இந்த சிலோன் வகை இருந்தது. அதே இடங்களின் நாய், பூனைகளிலும் அது தாராளமாக இருந்தது.

மற்ற நாய்க் கொக்கிப்புழுக்கள் மனிதத் தோலுக்குள் நுழைந்தால் பெரும்பாலும் குடலுக்குப் போக வழி தெரியாமல் தோலுக்கடியிலேயே அலையும். காலில் அல்லது பிட்டத்தில், வளைந்து வளைந்து நகரும் சிவந்த கோடாக, தாங்க முடியாத அரிப்போடு அது தெரியும். மணலில் விளையாடும் பிள்ளைகளுக்கும், செருப்பில்லாமல் தோட்டவேலை செய்வோருக்கும் இது வரும்.

இங்கேதான் மருந்து எதிர்ப்பு பெரிய விஷயமாகிறது. மனிதனுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோலும் நாய்க்குக் கொடுக்கும் ஃபென்பெண்டசோலும் ஒரே குடும்பம் என்று பார்த்தோம். நாயின் வயிற்றில் ஒரு புழு அந்தக் குடும்பத்தையே எதிர்க்கப் பழகிவிட்டால், அதே புழு மனிதனைத் தொற்றும்போது மருத்துவரின் கையிலுள்ள மருந்தும் பலவீனமாகிவிடும். ஆகவே, ஒரு வீட்டு நாய்க்கு மருந்தை எப்படிக் கொடுக்கிறோம் என்பது அண்டை வீட்டுப் பிள்ளையின் நலனையும் தொடுகிறது.

எதிர்ப்புதானா, வேறு காரணமா?

மருந்து கொடுத்தும் புழு இருந்தால் உடனே 'எதிர்ப்பு' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வேறு காரணங்கள் பல உண்டு.

எடைக்குக் குறைவாக மருந்து கொடுத்திருக்கலாம். நாய் மாத்திரையை ஒரு மூலையில் துப்பியிருக்கலாம். மருந்து காலாவதியாகி இருக்கலாம். மருந்து வேலை செய்தும், முற்றத்து மண்ணிலிருந்து புதிய புழு ஏறியிருக்கலாம். தசையில் உறங்கிய இளம்புழுக்கள், குடல் காலியானதும் இறங்கி வந்து அந்த இடத்தை நிரப்பியிருக்கலாம். நாடாப்புழுவின் துண்டுகள் அரிசிபோல் மீண்டும் மீண்டும் தெரிந்தால், அதற்குப் பெரும்பாலும் நாயின் மேலுள்ள தெள்ளுப்பூச்சிதான் காரணம். தெள்ளை ஒழிக்காமல் நாடாப்புழுவை ஒழிக்க முடியாது. இரத்தப் பேதி எல்லாமே புழுவால் வருவதும் அல்ல. தடுப்பூசி போடாத குட்டிக்குப் பார்வோ கிருமியாலும் வரும். அது சில நாட்களில் உயிரைப் பறித்துவிடும்.

உண்மையை அறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. மருந்து கொடுக்கும் நாளில் நாயின் மலத்தைச் சோதித்து, ஒரு கிராமில் எத்தனைப் புழு முட்டை என்று எண்ணுவார்கள். 10 முதல் 14 நாட்களுக்குள் மறுபடியும் எண்ணுவார்கள். முதலில் 1,000 முட்டை இருந்து பிறகு 20 ஆகக் குறைந்தால், 98 விழுக்காடு குறைந்திருக்கிறது. மருந்து வேலை செய்கிறது. 1,000 இருந்தது 600 ஆனால், 40 விழுக்காடுதான். மருந்தளவு சரியாக இருந்தும் இப்படியானால் எதிர்ப்பு என்று வலுவாகச் சந்தேகிக்கலாம். ஒரு மாதம் கழித்துச் சோதித்தால் புதிதாக ஏறிய புழுவும் கணக்கில் சேர்ந்து குழப்பிவிடும். அதனால்தான் இரண்டு வாரத்துக்குள் பார்க்கச் சொல்கிறார்கள்.

இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. உப்பு அல்லது சர்க்கரைக் கரைசலில் மலத்தைக் கரைத்தால் முட்டைகள் மேலே மிதக்கும். நுண்ணோக்கியில் பார்த்து எண்ணலாம். கால்நடை கிளினிக்குகளில் செய்யக்கூடிய சோதனைதான். கால்நடைச் சேவைத் துறைக்கு ஜொகூர் பாருவில் ஆய்வுக்கூடமும், குளுவாங்கில் கால்நடைக் கழகமும் உண்டு. எங்கே அனுப்புவது என்பதை உங்கள் கால்நடை மருத்துவரே சொல்வார்.

மூன்று குடும்ப மருந்துகளும் தோற்றுவிட்டால் எமோடெப்சைட் போன்ற வேறு மருந்துகள் மருத்துவர்களிடம் உண்டு. ஆனால், சில நாய்களுக்கு அது ஆபத்தானது. கடையில் வாங்கிச் சோதித்துப் பார்க்கும் மருந்தல்ல. கையிலிருக்கும் கடைசி ஆயுதத்தையும் அலட்சியமாகப் பயன்படுத்தினால் அதற்கும் இதே கதி வரும்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. நாயை எடை போட்டு மருந்து கொடுங்கள். நீங்கள் முதலில் தனியாகத் தராசில் ஏறி நின்று, பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு ஏறினால் வித்தியாசம்தான் நாயின் எடை.

2. குட்டிகளுக்கு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மலத்தில் முட்டை தெரிவதற்கு முன்பே புழு அவற்றைக் கொன்றுவிடும். இரண்டு வார வயதில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும். தாய்க்கும் கூடவே கொடுக்க வேண்டும்.

3. வளர்ந்த நாய்களுக்கு, 'எதற்கும் இருக்கட்டும்' என்று அடிக்கடி கொடுப்பதைவிட மலத்தைச் சோதித்துப் பார்த்துக் கொடுப்பது நல்லது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

4. மருந்து பலிக்கவில்லையென்றால் அளவைக் கூட்டாதீர்கள். பெட்டியின் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே அதே மருந்து இருக்கலாம். உள்ளடக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

5. ஆடு, மாடுகளுக்கான ஐவர்மெக்டினை நாய்க்கு ஊசியாகவோ வாய்வழியாகவோ கொடுக்காதீர்கள். காலி போன்ற சில இன நாய்களுக்கு அது மூளைக்குள் புகுந்து உயிரையே எடுத்துவிடும். மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம்.

6. நாயின் மலத்தை அன்றாடம் அள்ளிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். முட்டை இளம்புழுவாக மாறுவதற்குச் சில நாட்கள் ஆகும். அதற்குள் அள்ளிவிட்டால் வட்டமே அறுந்துவிடும். மருந்துக்கு அடங்காத புழுவின் முட்டைக்கும் இது பொருந்தும்! வெளியே உலாவ அழைத்துச் செல்லும்போதும் ஒரு பிளாஸ்டிக் பை கையில் இருக்கட்டும்.

7. நாய் படுக்கும் இடம் சிமெண்டுத் தரையாக இருந்தால் கழுவி, வெயிலில் காயவிடுங்கள். மண்தரையாக இருந்தால் நீர் தேங்காமலும் வெயில் படும்படியாகவும் வைத்திருங்கள்.

8. காப்பகத்திலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ புதிய நாய் வந்தால், மலத்தைச் சோதித்து மருந்து பலித்தது தெரியும்வரை மற்ற நாய்களோடு ஒரே மண்ணில் விடாதீர்கள்.

9. பிள்ளைகள் மண்ணில் விளையாடும்போது செருப்பு அணியட்டும். விளையாடியபின் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். தோலில் நகரும் கோடு தெரிந்தால் களிம்பு தடவிக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலத்தைச் சோதனைக்குக் கொண்டுபோவது எப்படி என்று பலர் தயங்குவார்கள். கட்டைவிரல் நுனி அளவு, அன்றைய மலம் போதும். சுத்தமான மூடியுள்ள டப்பாவில் போட்டு அன்றே கொடுங்கள். தாமதமானால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், உணவுப் பொருள்களோடு படாமல் உறையிட்டு வைக்கலாம், உறையவைக்கக் கூடாது. வெயிலில் காரில் விட்டுவிட்டால் முட்டை பொரிந்து கணக்குத் தப்பிவிடும்.

காசும் கருணையும்

சோதனைக்குச் செலவாகுமே என்று தோன்றலாம். பலிக்காத மருந்தைப் பலமுறை வாங்கும் காசையும், இரத்தம் குறைந்த குட்டிக்கு இரத்தம் ஏற்றும் செலவையும் கூட்டிப் பார்த்தால் சோதனை மலிவானது. தெருநாய்களுக்குச் சோறு போட்டு, மருந்தும் கொடுக்கும் நல்ல உள்ளங்கள் ஜொகூரில் நிறைய உண்டு. அவர்கள் கொடுக்கும் மருந்து சரியான அளவில் இருக்கட்டும். நாய்கள் கூடும் இடத்தின் மலத்தை அகற்றவும் அக்கம்பக்கத்தார் ஒரு கை கொடுக்கட்டும். ஒரு வீட்டார் தனியாகச் செய்து முடிக்கக்கூடிய வேலையல்ல இது.

கொக்கிப்புழுவைக் கொல்லும் மருந்துகளைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் பல்லாண்டு பாடுபட்டிருக்கிறார்கள். புதிய மருந்துகள் அடிக்கடி வருவதுமில்லை. கையில் இருப்பவற்றைப் பிள்ளைகளின் காலத்துக்கும் பலிக்கும்படி காப்பது நாய் வளர்ப்பவர்களின் பொறுப்பு. அடுத்த முறை பூச்சி மருந்து கொடுக்கும்போது, இரண்டு வாரம் கழித்து வரும் ஒரு நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அன்று மலத்தைச் சோதித்தால்தான் மருந்து பலித்ததா என்பது தெரியும்.